முன்பனியிலும் பின்பனியிலும் ஒரே பூ: கியோட்டோ இக்கெபானா வகுப்பில் நார்சிசஸ் பயிற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

கியோட்டோ நகரின் வடபகுதியில், ஆசிரியை ஒருவரின் வீட்டில் நடைபெறும், ஜப்பானியப் பூவமைப்புக் கலையான இக்கெபானாவைக் கற்பிக்கும் சிறிய வகுப்பில், ஒரே குளிர்காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே தாவரத்தைக் கொண்டு செய்யப்பட்ட இரண்டு பயிற்சிகளை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. அந்தத் தாவரம், ஜப்பானியர் சுய்சென் என்று அழைக்கும் நார்சிசஸ். முதற்பயிற்சி டிசம்பர் முற்பகுதியிலும், இரண்டாவது பிப்ரவரி இறுதியிலும் நடந்தன. வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்த மாணவி ஒருவர், டிசம்பரில் ஆசிரியை ஒரு தண்டைக்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்ட அமைப்பைப் பிப்ரவரியில் ஏறத்தாழ அப்படியே மீண்டும் செய்தார்; இம்முறை ஆசிரியை அதை முழுவதும் பிரித்துவிட்டு வேறு விதமாக அமைத்துக் காட்டினார். பூவும் மாறவில்லை, கலமும் மாறவில்லை, மாணவியின் கையோ முன்பைவிடத் தேர்ந்திருந்தது. அப்படியிருந்தும் முதலில் சரியாக இருந்தது பின்னர் எப்படிச் சரியில்லாமல் போயிற்று என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. அதே வகுப்பில் உடன் பயில்பவர் என்ற நிலையிலிருந்து, அந்த மாணவியின் இசைவோடும் ஆசிரியையின் இசைவோடும் இதை எழுதுகிறேன்.

வகுப்பு சார்ந்திருக்கும் மரபு

இந்த வகுப்பு இக்கெனோபோ மரபைப் பின்பற்றுகிறது. இக்கெபானாவின் மிகப் பழைய மரபான அது, கியோட்டோவின் நடுப்பகுதியில் உள்ள ரொக்காகுதோ என்னும் பௌத்தக் கோயிலைச் சார்ந்து வளர்ந்தது. அக்கோயிலின் துறவியான செங்கெய் 1462இல் பொற்கலம் ஒன்றில் பல கிளைகளை நிறுத்தி அமைத்ததையும், நகரத்துச் சுவைஞர்கள் அதைக் காணப் போட்டியிட்டு வந்ததையும் ஜென் துறவி ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதன்பின் 16ஆம் நூற்றாண்டில் இக்கெனோபோ செனோவின் போதனைகள் தொகுக்கப்பட்டன. அழகிய பூக்களைக் கலத்தில் செருகி மகிழ்வதோடு நின்றுவிடாமல், மலையிலும் நீர்க்கரையிலும் தாவரங்கள் இயல்பாக நிற்கும் தோற்றத்தை வீட்டினுள் வெளிப்படுத்த வேண்டும் என்பது அப்போதனைகளின் சாரம். காய்ந்த கிளைக்கும் அதில் இடமுண்டு. இன்று வகுப்பில் நடக்கும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால் இந்த ஒரே கோரிக்கைதான் நிற்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஷோக்கா என்னும் வடிவத்தில்தான் நார்சிசஸ் பயிற்சி நடக்கிறது. இதில் மூன்று முதன்மைக் கிளைகள் உண்டு: நடுவே உயர்ந்து வளைந்தெழும் ஷின், அதன் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குள்ள சோயே, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் முன்னோக்கிச் சாயும் டாய். மூன்றும் நீர்ப்பரப்பை விட்டு எழும் இடத்தில் ஒரே தண்டுபோலச் சேர்ந்து நிற்க வேண்டும். தரையிலிருந்து ஓர் உயிர் மேலெழும் வலிமையைக் காட்டும் இடம் அது என்பதால், அங்கே ஓர் இலை தனியாக விலகினாலும் ஆசிரியையின் கை உடனே அதைத் தேடி வரும். 1977இல் நாற்பத்தைந்தாவது தலைவர் இக்கெனோபோ சென்எய் அறிமுகப்படுத்திய ஷிம்பூதாய் என்ற புதிய பாணியில் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்திருக்கின்றன. ஆனால் இந்த வகுப்பில் நார்சிசஸ் பழைய பாணியிலேயே, வேறு எந்தத் தாவரமும் கலக்காமல் தனித்து அமைக்கப்படுகிறது.

மற்ற மரபுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். 1927இல் தெஷிகாஹாரா சோஃபு தொடங்கிய சோகெத்சு மரபின் தொடக்கப் பாடத்தில் கலத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் கூட்டி, அதன் ஒன்றரை மடங்கை ஷின் கிளையின் நீளமாகக் கொள்வார்கள்; அடுத்த கிளை அதில் முக்கால் பங்கு, மூன்றாவது அந்த இரண்டாவதில் முக்கால் பங்கு; சாய்வுகள் முறையே 15, 45, 75 பாகைகள். கணக்கு கலத்திலிருந்து தொடங்குகிறது. அந்த மரபினரும் பருவத்தைப் பேணுகிறார்கள். அந்தப் பாடமுறை தெளிவானது, புதியவருக்கு நம்பிக்கை தருவது. நார்சிசஸ் ஷோக்காவில் கலத்தை ஒட்டி மொத்த உயரம் முடிவானாலும், பூவுக்கும் இலைக்கும் இடையே உள்ள உயர வேறுபாட்டை எந்தச் சூத்திரமும் தராது. அதைத் தாவரத்திடமிருந்துதான் பெற வேண்டும்.

டிசம்பர் பயிற்சி

வகுப்புக்கான பூக்களைப் பூக்கடைக்காரர் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே வகைக் கட்டு, செய்தித்தாளில் சுற்றி, வாளியில் நிறுத்தப்பட்டிருக்கும். மாணவர் தம் கட்டை எடுத்துவந்து, மேசையில் செய்தித்தாள் விரித்து, கென்சானைக் கலத்தில் வைத்து நீர் ஊற்றி வேலையைத் தொடங்குவார். அடர்ந்த ஊசிகள் கொண்ட கனமான உலோகத் தட்டுதான் கென்சான். ஆசிரியை இடையில் பேசுவதில்லை. அமைத்து முடித்ததும் மாணவர் வணங்கி அழைப்பார். ஆசிரியை அதே இருக்கையில் அமர்ந்து, மாணவரின் கண் மட்டத்திலிருந்து பார்த்துத் திருத்துவார். பிறகு மாணவர் அதைப் படமெடுத்தோ வரைந்தோ வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பிரித்து, அதே செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று மீண்டும் அமைப்பார்.

ஜப்பானிய நார்சிசஸ் கடற்கரைச் சரிவுகளில் வளர்வது. ஃபுகுய் மாநிலத்தின் எச்சிசென் கடற்கரையும் அவாஜி தீவும் இதற்குப் பெயர்பெற்றவை; ஃபுகுய் மாநிலத்தின் மலரும் இதுவே. கடற்காற்றையும் பனியையும் தாங்கி வளர்ந்த எச்சிசென் பூக்களின் தண்டு இறுகியிருக்கும் என்பதால் இக்கெபானா பயில்வோர் அவற்றை விரும்புகிறார்கள். ஒரு செடியின் இலைகள் அடியில் வெண்மையான மெல்லிய உறை ஒன்றுக்குள் செருகப்பட்டிருக்கும். அந்த உறைக்கு ஹகாமா என்று பெயர்.

பயிற்சியின் மிகக் கடினமான வேலை இந்த உறையில்தான் இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஹகாமாவை வைத்து, அது கிழியாதபடி மெல்ல உருட்டி உருட்டித் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் அது நீளவாக்கில் பிளந்துவிடும். பிளந்த உறையைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. தளர்ந்ததும் முதலில் பூத்தண்டையும் பின்னர் இலைகளையும் ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுக்க வேண்டும். கையில் மிஞ்சுவது விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு வெண்குழல். அது உலராமலிருக்க நீரில் போட்டுவைக்கிறார்கள். தண்டிலிருந்து வழியும் வழுவழுப்பான சாறு சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும். ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கும். பிறகு ஒவ்வோர் இலையையும் இரு விரல்களுக்கிடையே மென்மையாக அழுத்தி இழுத்து, அதற்கு வேண்டிய வளைவையும் முறுக்கையும் தர வேண்டும். நான்கு இலைகளையும் ஒரு பூவையும் ஒன்றாகக் கொண்டு, நீண்டவையும் குட்டையானவையும் மாறி நிற்குமாறு அடுக்கி, அடியை ஒன்றாகப் பிடித்து, மீண்டும் அதே உறைக்குள் செலுத்த வேண்டும். செடி கைபடாமல் இப்படியே வளர்ந்தது என்று பார்ப்பவர் நம்பும்படி அது முடிய வேண்டும். இலைகளின் அடி மென்மையானது என்பதால் கென்சான் ஊசியில் நேராகக் குத்தினால் நார்நாராகப் பிரிந்துவிடும். அடியில் நனைத்த தாளைச் சுற்றிக்கொண்டு நிறுத்தும் வழக்கம் இதனால் வந்தது.

அந்த டிசம்பரில் பூக்கள் இலைகளுக்குள் தாழ்ந்து, பாதி மறைந்தபடி நிற்க வேண்டும் என்று ஆசிரியை ஒரே வாக்கியத்தில் சொன்னார். காரணம் கூறவில்லை. மாணவி அதைக் கவனமாகச் செய்தார். மூன்று செடிகளில் ஷின் நிலையில் நின்ற பூ தன் இலைகளின் நுனியைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தது. டாய் நிலையில் இருந்ததில் மொட்டு மட்டும் இலைகளுக்கிடையே எட்டிப் பார்த்தது. ஆசிரியை நெடுநேரம் பார்த்துவிட்டு, மாற்ற ஒன்றுமில்லை என்று சொல்லித் தலைவணங்கினார். இந்த வகுப்பில் இது எளிதில் கிடைக்கும் பாராட்டு அன்று. மாணவி தம் ஏட்டில் வரைபடம் வரைந்து, ‘சுய்சென்: பூ இலைக்குக் கீழே’ என்று அதன் பக்கத்தில் எழுதிக்கொண்டார். இந்த நிகழ்வின் திருப்பம் அந்தக் குறிப்பில் அடங்கியிருக்கிறது.

பிப்ரவரி பயிற்சி

இடையில் புத்தாண்டு வந்து போயிற்று. ஜனவரி 5 அன்று இக்கெனோபோ தலைமையகத்தில் ஆண்டின் முதல் பூவமைப்பு விழா நடப்பது வழக்கம்; எங்கள் வகுப்பிலும் அந்த வாரங்களில் இளம்பைன் கிளைகளே பொருளாக இருந்தன. பின்னர் பூனைவால் போன்ற மென்மயிர் அரும்புகள் கொண்ட வில்லோவும், பிளம் கிளையும் வந்தன. பிப்ரவரி இறுதியில் வாளிக்குள் மீண்டும் நார்சிசஸைக் கண்டபோது, வகுப்பில் பலரும் இது டிசம்பர் பாடத்தின் திருப்புதல் என்றே எண்ணினார்கள்.

அந்த மாணவி உறையைக் கழற்றியதும் இலைகளை முறுக்கியதும் டிசம்பரைவிட மிகத் தெளிவாக இருந்தன. ஒரு ஹகாமாகூடப் பிளக்கவில்லை. ஆனால் கட்டைப் பிரித்தபோது பூத்தண்டுகள் இலைகளைத் தாண்டி உயர்ந்து நின்றதைக் கண்டு அவர் தயங்கினார். பிறகு தண்டின் அடியை வெட்டிக் குறைத்து, பூவை இலைகளுக்குக் கீழே கொண்டுவந்தார். அந்த ஒரு வெட்டுத்தான் அன்றைய பாடமாக அமைந்தது.

ஆசிரியை வந்தமர்ந்து, நறுக்கிக் கிடந்த தண்டுத்துண்டு ஒன்றைச் செய்தித்தாளிலிருந்து எடுத்துப் பார்த்தார். “இவ்வளவு நீளத்தை ஏன் எடுத்தீர்கள்?” என்று கேட்டார். “பூ இலைக்குக் கீழே நிற்க வேண்டும் என்று படித்தேன், சென்செய் (ஆசிரியையே)” என்றார் மாணவி. “அது குளிர் இறங்கும்போது. இப்போது குளிர் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. பூவுக்கு இனி ஒளிந்து நிற்க வேண்டிய தேவை இல்லை.” இவ்வளவு சொல்லிவிட்டு, மிகுந்திருந்த வேறு தண்டுகளை எடுத்து, ஷின் பூவை இலை நுனிக்கு மேல் உயர்த்தி, இலைகளைச் சற்றே தளர்வாகவும் அகலமாகவும் விட்டு, முழுவதையும் திரும்ப அமைத்தார். அதே கலத்தில் அதே செடி. பார்த்த மாத்திரத்தில் முன்பனிக்கும் பின்பனிக்கும் இடையிலான தொலைவு தெரிந்தது.

இது ஆசிரியையின் தனிப்பட்ட சுவை அன்று. குளிர்காலத் தொடக்கத்தில் பூவைத் தாழ்த்தி இலைகளின் காப்பில் வைப்பதும், வசந்தம் நெருங்க நெருங்கப் பூவை உயர்த்துவதும் நார்சிசஸ் ஷோக்காவின் நிலைபெற்ற முறை. அம்முறை வயலைப் பார்த்து எழுந்தது. பருவத்தின் தொடக்கத்தில் பூக்கும் செடியில் தண்டு குட்டையாக இருக்கும். நாள் வெப்பமடையும்போது தண்டு நீண்டு, பூ இலைகளுக்கு மேலே ஏறும். பிப்ரவரிக் கட்டில் மாணவி கண்டது இதைத்தான். அவர் கண்ணுக்கு முன்னால் செடி சொன்னதும் ஏட்டில் அவர் எழுதியிருந்ததும் முரண்பட்டபோது, அவர் ஏட்டை நம்பினார்.

ஏடு ஏன் வென்றது

வகுப்பு முடிந்தபின் இதைப் பற்றி ஆசிரியையிடம் பேச முடிந்தது. டிசம்பரிலேயே காரணத்தைச் சொல்லியிருந்தால் மாணவி தண்டை வெட்டியிருக்க மாட்டார் அல்லவா என்று கேட்டேன். டிசம்பரில் சொல்லியிருந்தால் அது வெறும் சொல்லாகவே அவரிடம் தங்கியிருக்கும்; வெட்டிய துண்டைக் கையில் வைத்துக் கேட்டது இனி மறக்காது என்பது அவரது மறுமொழி. இதில் பெரும் உண்மை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் முழுமையாக ஏற்கவும் என்னால் இயலவில்லை. காரணமின்றிக் கொடுக்கப்பட்ட விதி, பருவத்திலிருந்து கழன்று, எந்தக் காலத்துக்கும் பொருந்துவதாக ஏட்டில் பதிந்துவிடுகிறது. மாணவியின் குறிப்பில் மாதம் இல்லை, குளிர் இல்லை, செடி எப்படி வந்தது என்பதும் இல்லை. ‘டிசம்பர் முதல் வாரம், கட்டைப் பிரித்தபோதே பூ தாழ்ந்திருந்தது’ என்று அவர் எழுதியிருந்தால் பிப்ரவரியில் அவருக்கு ஐயம் எழுந்திருக்கும். கேட்டிருப்பார்.

இன்றைய நகர மாணவருக்கு இந்த ஐயம் தானாக எழ வாய்ப்புக் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.  அவருக்குப் பூவைப் பூக்கடைதான் தருகிறது, பூக்கடைக்குப் பருவம் கட்டாயமில்லை. சாமந்தி குறும்பகல் தாவரம், அதாவது பகல் குறுகும்போது மொட்டு வைப்பது. இரவில் விளக்கு எரியவிட்டால் அது மொட்டு வைப்பதைத் தள்ளிப்போடும். ஐச்சி மாநிலத்தின் அத்சுமி தீபகற்பத்துப் பசுமைக்குடில்கள் இந்த முறையில் ஆண்டு முழுவதும் சாமந்தியை அனுப்புகின்றன. சாமந்திக்கென்றே ஒரு பண்டிகை ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளில் இருக்கும் நாட்டில், கடையில் எந்த மாதமும் சாமந்தி மாதமே. அந்தப் பூவைக் கொண்டு பருவத்தின் வடிவத்தைக் கற்பிப்பது மிகக் கடினம்.

பீச் கிளை இன்னும் நுட்பமான சிக்கலைக் காட்டுகிறது. பெண் குழந்தைகளுக்கான மார்ச் 3 பண்டிகைக்குப் பீச் பூ வைப்பது வழக்கம். பழைய நாட்காட்டியில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் பெரும்பாலும் ஏப்ரலை ஒட்டி வரும்; பீச் அப்போது இயல்பாகவே பூத்திருக்கும். ஜப்பான் 1873இல் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது பண்டிகையின் எண் அப்படியே நிற்க, பருவம் விலகிப் போயிற்று. இன்று மார்ச் தொடக்கத்தில் வகுப்புக்கு வரும் பீச் கிளைகள் பெரும்பாலும் சூடான அறையில் வைத்துப் பூக்கவைக்கப்பட்டவை. அவற்றின் மொட்டுகள் எளிதில் உதிர்வதால், கிளையைத் தொடும் முன் மாணவர்களை ஆசிரியை எச்சரிப்பார். அதாவது நாட்காட்டிப் பருவமும் தாவரப் பருவமும் இரண்டு. இரண்டுக்கும் வகுப்பில் இடமுண்டு. எதை எப்போது பின்பற்றுகிறோம் என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும். திறந்த வெளியில் விளைந்து வரும் நார்சிசஸ் அந்த இரண்டையும் ஒருசேரக் காட்டும் அரிய தாவரம் என்பதால்தான், குளிர்காலத்தில் அதை இருமுறை தருவது மிகச் சிறந்த பாடத்தெரிவு என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வாரமும் புதிய பூவைத் தரும் வகுப்புகள் பார்வைக்கு வளமானவை. ஆனால் அவற்றில் ஒரு தாவரத்தின் ஒரு நிலையை மட்டுமே மாணவர் சந்திக்கிறார். அதை மற்றொரு நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறொன்றும் இல்லை.

வீட்டில் மீண்டும் அமைப்பதும் இந்த நிகழ்வில் பங்கு வகித்தது. மாணவியின் அடுக்ககத்தில் சூடேற்றும் கருவி நாள்முழுதும் இயங்குகிறது. டிசம்பரில் அவர் எடுத்துச் சென்ற பூக்கள் சில நாளிலேயே முழுவதும் விரிந்து சாய்ந்துவிட்டன. ஆசிரியையின் வீட்டில் குளிர்ந்த தொகோனோமா மாடத்தில் இருந்தவை நெடுநாள் நின்றன. தம் வீட்டில் தண்டு நீண்டு சாய்ந்ததை அவர் பார்த்திருந்தார், ஆனால் அதைப் பராமரிப்பின் குறையாக மட்டுமே எண்ணினார். வெப்பம் தண்டை நீட்டும் என்ற செய்தி அவர் மேசையிலேயே நடந்துமுடிந்திருந்தது. அதை வகுப்போடு இணைத்துச் சொல்ல யாரும் இல்லை.

அதன்பின் வகுப்பில் மாறியவை

ஆசிரியை தம் முறையை மாற்றிக்கொள்வதாக எதுவும் அறிவிக்கவில்லை. ஆயினும் மார்ச் முதல் ஒரு சிறு வேலை சேர்ந்துகொண்டது: கட்டைப் பிரித்ததும் கத்தரியைத் தொடும் முன், தாவரம் வந்த நிலையை அப்படியே வரைய வேண்டும். பூ இலைக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே, எந்த இலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எது முதிர்ந்தது, எது இளையது ஆகியவற்றையெல்லாம் தேதியோடு குறிக்க வேண்டும். திருத்தத்துக்குப் பின் வரையும் படம் அதே பக்கத்தில் எதிரே வரும். இந்த ஏற்பாட்டால் அமைப்பதற்கான நேரம் குறைகிறது என்று மூத்த மாணவர் சிலர் வருந்துகிறார்கள்; அவர்களுக்கு இது தேவையில்லை என்பது உண்மைதான். இரண்டாம் மூன்றாம் ஆண்டினருக்கு இதன் பயன் வெளிப்படையாகத் தெரிகிறது.

மே மாதத்தில் காகித்சுபாத்தா என்னும் நீர்க்கரை ஐரிஸ் வந்தபோது இதைச் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தது. அதன் இலைகளையும் பிரித்து, நுனிகள் ஒன்றையொன்று நோக்குமாறு மீண்டும் சேர்க்க வேண்டும். அதற்கும் பருவத்தோடு மாறும் முறை உண்டு: வசந்தத்தில் பூ இலைகளுக்குள் தாழ்ந்திருக்கும், கோடை தொடங்கும்போது இலைகளுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும், இலையுதிர்காலத்தில் மீண்டும் தாழும், பழுத்த இலையையும் சேர்த்துக்கொள்வார்கள். பயிற்சியின் நோக்கத்தை ஆசிரியை முன்கூட்டிச் சொல்லவில்லை. நார்சிசஸ் பாடத்தை இருமுறையும் செய்தவர்கள் வரைந்து முடித்ததும் பூவை உயர்த்தி அமைத்தார்கள். அந்த மாணவி, இலையுதிர்காலத்தில் இதே பூ கிடைக்குமா என்றும் கேட்டார். ஏப்ரலில் சேர்ந்த இருவர் பூவை இலைகளின் நடுவே மறைத்துவைத்தார்கள். ஒருவர் பழைய அச்சுப் படமொன்றைப் பின்பற்றியிருந்தார். மற்றவர் அதுவே அழகாகத் தோன்றியதாகச் சொன்னார். அவர்களுக்கு ஆசிரியை இம்முறை காரணத்தையும் சேர்த்தே சொன்னார். அக்டோபரில் காகித்சுபாத்தா மீண்டும் கிடைத்தால் அவ்விருவருக்கும் முதலில் அதையே தருவதாகப் பூக்கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறார். இலையுதிர்காலத்தில் இரண்டாம் முறை பூக்கும் வகைகள் கடைக்கு வருவது அந்த ஆண்டின் வெயிலைப் பொறுத்தது.